பத்து நிமிட வீடியோவும் அண்ணனின் கண்ணும்

1

என் அண்ணனுக்கு வலது கண் தெரியாது என்பதை அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. மதினியும் சொல்லவில்லை, அவருக்கே அது தெரியாது. நெதர்லாந்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக நானே எங்கள் ஊர் செம்பட்டியில் எடுத்த பத்து நிமிட வீடியோவை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது தெரிந்துகொண்டேன். அன்று அடுப்பில் சாம்பார் கரிந்து, கூரையில் மாட்டியிருக்கும், புகை வந்தால் எச்சரிக்கிற புகைக்கருவி கத்தி, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வீடியோ எடுத்தது பொங்கல் சமயத்தில். நான் அதைப் பார்த்தபோது இங்கே பனி உருகி, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமே முடியப்போகிற நேரம். அண்ணனைப் போலச் சர்க்கரை வியாதி உள்ளவரின் கண்ணுக்கு அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று நர்ஸ் வேலை பார்க்கிற எனக்குத் தெரியும். மிச்சமிருக்கும் இடது கண்ணாவது தப்புமா என்ற கேள்விதான் முதலில் வந்தது. அடுத்த கேள்வி, ஒரே கூரையின்கீழ் இருக்கிற அண்ணனும் அவர் மகனும் இத்தனை நாளாக என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது. அதற்குக் கிடைத்த பதில்தான் என்னை இதை எழுத வைத்திருக்கிறது.

2

நான் திண்டுக்கல்லில் நர்சிங் படித்தவள். கல்யாணமாகி இந்த நாட்டின் வடக்கு மூலையில் உள்ள ஓர் ஊருக்கு வந்து இந்த வசந்தத்தோடு இருபது வருஷம். வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, இனிஷியல்தான் என்று விளக்கினேன். அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று கேட்டு அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து நான் 'திருமதி சவரிமுத்து'. பல் டாக்டர், வேலையிடத்து மேலாளர், பார்சல் கொண்டுவருகிறவர் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் அம்மா கடைசிவரை அப்பா பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கே செத்துப்போன மனுஷனைத் தினம் நாலு பேர் கூப்பிடுகிறார்கள்.

வேலை ஒரு முதியோர் இல்லத்தில். அங்கே பிள்ளைகள் முன்கூட்டியே நேரம் சொல்லிவிட்டு வருவார்கள். ஒரு காபி, ஒரு துண்டு கேக், அம்மாவின் கன்னத்தில் மாற்றி மாற்றி மூன்று முத்தம், கிளம்பிவிடுவார்கள். முதல் வருஷம் இதைப் பார்த்து வாயடைத்துப்போய் ஊருக்கு ஃபோனில் கதைகதையாகச் சொல்லியிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. அந்த முத்தத்தில் பொய் எதுவும் இல்லை என்பதும் போகப்போகத் தெரிந்தது.

அப்படித் தன் அம்மாவைப் பார்க்க வருகிறவர்களில் ஒருவர் லோட்டே. பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள உறவு எந்த நாட்டில் எந்த அளவுக்கு நன்றாக இருக்கிறது என்று அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும், வாரத்தில் ஒருநாள் வருகிறாயா என்று கேட்டார். உறவைப் படியால் அளப்பீர்களா, முழத்தால் அளப்பீர்களா என்றேன். கேலி அவருக்கு ஏறவில்லை. மடிக்கணினியைத் திறந்து அளக்கும் முறையைப் பொறுமையாக விளக்கினார்.

முறை எளிதுதான். அப்பாவோ அம்மாவோ ஒருவர், வளர்ந்த பிள்ளை ஒருவர், இருவரும் ஓர் அறையில் உட்கார வேண்டும். தங்களுக்குள் ஒத்துப்போகாத ஒரு விஷயத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். கேமராவைத் தவிர மூன்றாவது ஆள் அறையில் இருக்கவே கூடாது. பிறகு இரண்டு மாணவர்கள் அந்த வீடியோவை முதலில் சத்தமில்லாமல் பார்ப்பார்கள். முகம் பார்த்துப் பேசினால் ஒரு குறி, தலையாட்டினால் ஒரு குறி, தொட்டால், சிரித்தால், பாராட்டினால் ஒவ்வொரு குறி. குறுக்கே வெட்டிப் பேசினால் கழிவு. அதற்குப்பின் மொழிபெயர்ப்போடு இன்னொரு முறை. கடைசியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் விழும்.

பழகிப் பார்ப்பதற்காக முதலில் என்னையும் என் மகள் ஷெரினையும் உட்கார வைத்தார்கள். ஷெரின் பள்ளியை முடிக்கப்போகிறாள். ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளி உள்ள ஒரு நகரத்தில் படிக்கப்போகிறாள், அங்கேயே அறை எடுத்துத் தங்கப்போகிறேன் என்கிறாள். அதுதான் எங்கள் விஷயம். டச்சு மொழியில்தான் பேசினோம், அவளுடைய தமிழ் சாப்பாட்டு மேசையைத் தாண்டி அதிகம் போகாது. உன் முடிவை மதிக்கிறேன் என்றேன். நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டதற்கு நன்றி என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல அடர்ந்த பச்சை விழுந்தது. புதிய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எங்கள் வீடியோவை மாதிரியாக வைத்துக்கொள்ளலாமா என்று லோட்டே கேட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தேன். ஷெரின் பக்கத்தில் தன் சைக்கிளை மிதித்தபடியே, "அம்மா, அது ஸ்கூல்ல சொல்லிக்குடுக்கிறது. மொதல்ல அவங்க சொன்னத நாம திருப்பிச் சொல்லணும், அப்புறம் நன்றி சொல்லணும்" என்றாள்.

எனக்குச் சைக்கிள் ஆடிவிட்டது. நிஜத்தில் என்ன நினைத்தாய் என்று கேட்டேன். நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தாளாம். ஒரு சண்டை போடலாம் என்று தயாராக வந்தாளாம். இதை ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள். அந்தப் பச்சையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அன்று எனக்குத் தெரியவில்லை.

3

செம்பட்டி விலக்கில் பஸ்கள் நாலு பக்கமும் பிரிகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி அண்ணனின் கடை. சொட்டுநீர்ப் பாசனக் குழாய், வால்வு, பம்ப் உதிரிப் பாகம் விற்கிறார். அண்ணன் பெயர் அந்தோணி. அவருடைய ஒரே மகன் ஜெரால்டு டிப்ளமோ முடித்துவிட்டு அப்பாவோடு கடையில் இருக்கிறான். பொங்கலை ஒட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பச்சை வேட்டியும் காவடியுமாகச் சாலை ஓரமாகவே சாரை சாரையாக நடந்துபோவார்கள். நாங்கள் வேதக்காரர்கள், மாதாகோயிலுக்குப் போகிறவர்கள் என்றாலும் கடை வாசலில் தண்ணீர் டிரம் வைப்பது அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. அண்ணன் சாயங்காலம் அந்தக் கூட்டத்துக்கு நடுவே பைக் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

அண்ணனும் ஜெரால்டும் பேசிக்கொள்கிற விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கடைப் பேச்சு நேராகவே நடக்கும். அரை இஞ்ச் எல்போ எத்தனை இருக்கிறது, ஒட்டன்சத்திரம் பார்ட்டிக்குச் சரக்குப் போய்விட்டதா, இதற்கெல்லாம் யாரும் நடுவில் வேண்டாம். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றினால் கதை வேறு. மகன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அண்ணன் அடுப்படியைப் பார்த்து, "அவனுக்கு இன்னொரு தோச வேணுமான்னு கேளு" என்பார். மதினி கேட்பார். அவன் "போதும்னு சொல்லும்மா" என்பான். மதினி சொல்வார். அண்ணன் தலையாட்டுவார். எங்கள் அப்பாவும் அண்ணனும் அப்படித்தான் இருந்தார்கள், நடுவில் எங்கள் அம்மா. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். ஆம்பளைப் பிள்ளைக்கு மீசை முளைத்துவிட்டால் அப்பனும் மகனும் மனசில் உள்ளதை நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு மரியாதை, ஒரு கூச்சம்.

வெளி ஆட்களைக் கேட்பதற்கு முன்னால் ஒரு குடும்பத்தை வைத்துப் பழகிக்கொள்ளலாம் என்று அண்ணன் வீட்டிலேயே ஆரம்பித்தேன். பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் காகிதங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. வீடியோ உடனே பூட்டிய கோப்பாகப் போய்விடும், ஃபோனில் தங்காது, சொந்தக்காரர் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. அண்ணன் ஒன்றையும் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "எதுக்கு பாப்பா இம்புட்டுக் கையெழுத்து? தோட்டத்தை எழுதி வாங்கப் போறியா?" என்றார். ஒத்துப்போகாத விஷயம் என்ன என்று கேட்டதற்கு, அப்பா சாயங்காலம் பைக் ஓட்டுவது என்று ஜெரால்டு சொன்னான். வயசானவர்களைப் பற்றிப் பிள்ளைகள் சொல்கிற வழக்கமான புகார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபோனை அலமாரியில் நிறுத்திவைத்துவிட்டு, மதினியை மாடிக்குக் கூப்பிட்டேன். அவருக்கு நம்பிக்கையே இல்லை. "நான் இல்லாம அவுக ரெண்டு பேரும் என்னத்தப் பேசுவாக, ஜெயா?" என்று கேட்டுக்கொண்டே படியேறினார். நானும் சிரித்தேன். மாடியில் நின்று பாதயாத்திரைக் கூட்டத்தை வேடிக்கை பார்த்தோம்.

இறங்கி வந்தபோது இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மட்டும், "எல்லாம் அதுல பதிஞ்சிருச்சா?" என்று கேட்டார். பதிந்துவிட்டது என்றேன். நீ பார்ப்பாய்தானே என்றார். ஒப்புக்கு, பார்க்காமல் இருப்பேனா என்று சொல்லிவைத்தேன். விதிப்படி வீடியோவை அனுப்பினேன், ஃபோனிலிருந்து அது அழிந்தது, அந்த வாரமே ஊரிலிருந்து கிளம்பிவிட்டேன்.

4

சத்தமில்லாமல் பார்த்ததில் அண்ணனுக்கும் ஜெரால்டுக்கும் விழுந்த நிறம் சிவப்பு. அதுவரை சேர்ந்த எந்த நாட்டு ஜோடிக்கும் அவ்வளவு குறைவாக வரவில்லை என்றார் லோட்டே. தகப்பன் மகனின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தொடவில்லை. இருவரும் எதிரெதிரே உட்காராமல், பையன் நாற்காலியை இழுத்துத் தகப்பனின் வலது ஓரமாகப் போட்டுக்கொண்டான். இந்தப் பிள்ளைக்கு வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறதா என்று மாணவர்கள் கவலைப்பட்டார்களாம். எனக்கு முகம் சுண்டிவிட்டது. என் அண்ணனைப் பற்றியா என்று கோபமும் வந்தது.

அதோடு நிற்கவில்லை. சொந்தக்காரி என்பதால் இதை மொழிபெயர்க்க என்னிடம் தராமல், யாழ்ப்பாணத்து மாணவி ஒருத்தியிடம் கொடுத்திருந்தார்கள். இவர்கள் யாரோடு பேசுகிறார்கள் என்று விளங்கவில்லை, அறையில் மூன்றாவது ஆள் இருக்கிறாரா என்று கேட்டு அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். நான் விதியை மீறி உள்ளே நின்றுவிட்டேனோ என்று லோட்டேவுக்குச் சந்தேகம். நான் மாடியில் இருந்தேன் என்று எவ்வளவு சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. கடைசியில் மேலே யாரிடமோ அனுமதி வாங்கி, நீயே பார்த்து விளக்கிச் சொல் என்று வீடியோவை எனக்குத் திறந்துவிட்டார்.

வேலை இல்லாத ஒருநாள் மத்தியானம், அடுப்பில் சாம்பாரை வைத்துவிட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். முதல் பாதி முழுக்க மௌனம். ஃபேன் சத்தம். அண்ணன் தொண்டையைச் செருமுகிறார். ஜெரால்டு வேட்டி நுனியை முறுக்குகிறான். பிறகு அவன் நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான் என்றே சொல்ல வேண்டும்.

"அத்தை, நீங்க அப்பாட்ட ஒண்ணு சொல்லணும். அப்பாவுக்கு வலது கண்ணு சுத்தமாத் தெரியலை. நான் கண்டுபிடிச்சிட்டேன். அம்மாட்ட சொல்லலை, அழுது ஊரக் கூட்டிரும். மதுரை கண்ணாஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன், மத்த கண்ணையாவது காப்பாத்தணும்னு சொல்லுங்க."

இதைச் சொல்லும்போது அண்ணன் அவனுக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. யாரோ யாரைப் பற்றியோ பேசுகிற மாதிரி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு அவரும் கேமரா பக்கம் திரும்பினார்.

"பாப்பா, அவன்ட்ட சொல்லு. அவனுக்குத் தெரியும்ங்கிறது எனக்கும் தெரியும். நான் தடுமாறிருவேன்னுதான் எந்நேரமும் வலது பக்கமா வந்து நின்னுக்கிறான். கண்ணுக்குள்ள ஊசி குத்துவாங்கன்னு கடைக்கு வந்த ஒருத்தர் சொன்னாரு. எனக்குப் பயமா இருக்கு பாப்பா. அவன் உள்ள வரைக்கும் வந்து கூட நின்னா வாரேன். ஒங்க மதினிக்குத் தெரிய வேணாம்."

அவ்வளவுதான். பிறகு இருவரும் ஏதோ பெரிய வேலை முடிந்த மாதிரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஜெரால்டு தண்ணீர் பாட்டிலை எடுத்து அப்பாவின் இடது கைப் பக்கமாக வைத்தான்.

ஹெட்ஃபோன் மாட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஷெரின் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு மாமா பேசுகிற தமிழ் பாதிதான் புரியும். ஆனாலும் கேட்டாள்.

"பாப்பான்னா நீதானம்மா? உன்கிட்டதான சொல்லச் சொல்றாங்க ரெண்டு பேரும்? நீ சொல்லிட்டியா?"

அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. மதினியை வைத்துப் பேச முடியாத விஷயம் அது. வேறு யாரும் இல்லாமல் மகனும் தகப்பனும் தவித்துக்கொண்டிருந்தபோது நான் ஃபோனை அலமாரியில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறேன். அவர்களுக்கு அது கேமரா இல்லை. அது நான்தான். இரண்டு பேரும் தங்கள் தங்கள் செய்தியை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, நான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்று இருந்துவிட்டார்கள்.

இடையில் நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்து அடித்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணன் ஃபோனில் பேசி முடிக்கும்போது, வேறென்ன பாப்பா, வேறென்ன என்று விடாமல் கேட்டார். வேறொன்றும் இல்லை அண்ணே என்று நான் ஒவ்வொரு தடவையும் வைத்திருக்கிறேன். வீடியோ நல்லா வந்துச்சா அத்தை என்று ஜெரால்டு வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். பார்க்காமலேயே, சூப்பரா வந்திருக்குடா என்று கட்டைவிரல் படத்தோடு பதில் போட்டிருந்தேன். புகைக்கருவி கத்தியது அப்போதுதான்.

5

உடனே அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம், கடையில் இருந்தார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

வீடியோவை இப்போதுதான் பார்த்தேன் என்றேன். ம் என்றார். ஜெரால்டு உங்களை மதுரைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்கிறான் என்றேன். அந்த நிமிடம்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர் போல, அப்படியா சொல்றான், சரி போவோம் என்றார். எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, அவன் ஒங்க பக்கத்துல ஒக்காந்துதான சொன்னான். ஒங்களுக்குக் காது கேக்கலையா?"

"கேட்டுச்சு. எங்கிட்டயா சொன்னான்? ஒங்கிட்டல்ல சொன்னான்" என்றார். பிறகு சொன்னார், "நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் பாப்பா. ஒண்ணும் சொல்லலைன்னதும், நீ நர்சுல்ல, இனிமே காட்டிப் பிரயோசனமில்லன்னு தெரிஞ்சுதான் வாயத் தொறக்காம இருக்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

இத்தனை வாரம் தன் கண் போய்விட்டது, தங்கச்சி அதைச் சொல்லத் தயங்குகிறாள் என்று நம்பிக்கொண்டே அந்த மனுஷன் கடையைத் திறந்து குழாய் விற்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஊர்க்கதை பேசியிருக்கிறார். அப்படி இல்லை அண்ணே, விதி, பார்க்கக் கூடாது என்று விதி என்று என்னென்னவோ உளறினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர்தான் என்னைத் தேற்றினார்.

அடுத்து ஜெரால்டு. அவன் அதே கடையில், உள்ளே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தான். அப்பா வருகிறேன் என்கிறார், நீ உள்ளே வரை கூடவே நிற்க வேண்டுமாம் என்றேன். "நிக்கிறேன் அத்தை. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னதும், அப்பா அப்புறமா தனியா ஒங்ககிட்ட வேணாம்னு சொல்லிட்டாரோன்னு நெனச்சு நானும் சும்மா இருந்துட்டேன்" என்றான். சாயங்காலம் பைக் சாவியை ஒளித்துவைப்பதும், டயரில் காற்று இல்லை என்று பொய் சொல்லித் தானே ஓட்டிவருவதுமாக அத்தனை நாளையும் தள்ளியிருக்கிறான்.

ஃபோனை வைத்துவிட்டுப் பார்த்தால் ஷெரின் கரிந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் தமிழிலேயே சொன்னேன், நீ அறை எடுத்துக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கவில்லை, அன்று நான் சொன்னது பொய் என்று. அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் போவேன் என்றாள். நான் கத்தினேன், அவளும் கத்தினாள்.

6

லோட்டேவிடம் போய் ஒன்றுவிடாமல் விளக்கினேன். பையன் ஏன் ஓரமாக உட்கார்ந்தான், தகப்பன் ஏன் அந்தப் பக்கம் திரும்பவில்லை, தண்ணீர் பாட்டிலை ஏன் இடது பக்கம் வைத்தான், ஏன் என்னிடம் பேசினார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இந்தச் சிவப்பு மாறிவிடும் என்றே நினைத்தேன்.

பேச்சோடு சேர்த்துப் போட்ட இரண்டாவது குறி அடுத்த வாரம் வந்தது. முன்னைவிடக் கீழே இறங்கியிருந்தது. இரண்டு பேருக்கு இடையில் உள்ளதை மூன்றாவது ஆள் வழியாகச் சொல்வது அவர்களுடைய முறையில் ஒரு குறை, அதற்குத் தனிக் கழிவு இருக்கிறதாம். அது இதுவரை மௌனத்துக்குள் மறைந்திருந்தது, என் மொழிபெயர்ப்பு அதை வெளியே கொண்டுவந்துவிட்டது. எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல் இருந்தால்தான் ஒப்பிட முடியும், ஒரு குடும்பத்துக்காக நான் மாற்ற முடியாது என்று லோட்டே வருத்தத்தோடுதான் சொன்னார். நானும் ஷெரினும் இன்றைக்கும் அவர்களுடைய மாதிரி வீடியோவாக இருக்கிறோம். புதிய மாணவர்கள் எங்களைப் பார்த்துத்தான் பாசத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். நான் திகைத்துப்போய் வெளியே வந்து, என் சைக்கிள் எது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன்.

7

நான் ஃபோனில் சொன்னதற்கு மறுநாள் காலையிலேயே அண்ணனும் ஜெரால்டும் மதுரைக்குப் போய்விட்டார்கள். இதை மதினியிடம் மறைக்க முடியவில்லை. அவர் அழவும் இல்லை, ஊரைக் கூட்டவும் இல்லை. பக்கத்தில் நான் ஒருத்தி இருக்கும்போது கடல் தாண்டி இருக்கிறவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறீர்களே என்று மட்டும் கேட்டாராம்.

வலது கண்ணில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணுக்கு ஊசி. உள்ளே யாரையும் விடமாட்டோம் என்றவர்களிடம் அண்ணன், பையன் வராமல் படுக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். கடைசியில் ஜெரால்டுக்கும் நீல அங்கியும் தொப்பியும் மாட்டி உள்ளே விட்டார்கள். முன்னாலேயே வந்திருந்தால் இடது கண்ணில் கடை போர்டைப் படிக்கிற அளவுக்குப் பார்வையை நிறுத்தியிருக்கலாம் என்றார் டாக்டர். இனி ஆள் அடையாளம் தெரியும், நடமாடலாம், குழாயில் அச்சிட்ட சைஸைப் படிக்க முடியாது. இடையில் போனது திரும்ப வராது. இதை மதினி எனக்குச் சொன்னபோது நான் வேலையிடத்தில் இருந்தேன். ஒரு பாட்டியின் படுக்கை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரங்களை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

சாயங்காலம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். ஜெரால்டுதான் ஃபோனைப் பிடித்திருந்தான். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், இடது கண்ணில் கட்டு. அன்று ஒருநாள் அவருக்கு இரண்டு கண்ணும் இல்லை. நான் பேசுகிற திசையைத் தேடி முகத்தைத் திருப்பினார். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு, மகன் நீட்டிப் பிடித்திருந்த ஃபோனிடம் சொன்னார்.

"பாப்பா, அவன்ட்ட சொல்லு. காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கலை அவன். போயி சாப்பிட்டுட்டு வரச் சொல்லு."

"ஏலே ஜெரால்டு" என்றேன். "அப்பா ஒன்னயப் போயி சாப்பிட்டுட்டு வரச் சொல்றாரு."

"சரிங்க அத்தை. அப்பாவ விட்டுட்டுப் போகமாட்டேன், அப்பாவும் எங்கூட வரட்டும்னு சொல்லுங்க."

அதையும் உடனே, ஒரு சொல் விடாமல் அண்ணனிடம் சொன்னேன்.